அளக்காத பாதம்

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து, தரையில் உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

அதில் ஒன்றுமில்லை. டம்ளர்கள் விழத்தான் செய்யும். ஆனால் அதற்கடுத்து அவன் மனைவி சிரித்தாள்.

தனியாக இருப்பவள் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. கை தவறி எதையாவது போட்டுவிட்டு, எதிரில் நிற்பவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பாதியில் அடங்கி, அடக்க முடியாமல் மறுபடி கசிந்து, கடைசியில் ஒரு முணுமுணுப்பாக இறங்கியது. கல்யாணமான பதிமூன்று வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவன் எத்தனை முறை கேட்டிருக்கிறான் என்று எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். வாசல் கதவில் ஒரு சங்கிலி உண்டு. யார் வந்தாலும் அது கலகலவென்று சத்தம் போட்டுவிடும். காலையிலிருந்து அது வாயைத் திறக்கவில்லை.

அவன் படுக்கையறைக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். கட்டிலின் தலைமாட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, நடுவில் ஓட்டை போட்ட தலையணையில் முகம் பதிந்திருந்தது. ஓட்டை வழியாக அவனுக்குத் தெரிந்த உலகம் நான்கு டைல்ஸ். சாம்பல் நிறம். மூன்றாவதில் ஒரு விரிசல்.

மனைவியைக் கூப்பிட்டான். அவளுடைய பாதங்கள் ஓட்டைக்குள் வந்து நின்றன. ஐந்தாம் நம்பர் செருப்பளவு. வலது சுண்டு விரலில் சின்னக் காய்ப்பு.

“யாரு வந்திருக்கா?”

“யாரு வருவா? உங்களை விட்டா எனக்குச் சிரிக்கறதுக்கு யாரு இருக்கா சொல்லுங்க” என்றாள். அவன் பிடரியில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

கிண்டல் என்று அவன் நினைத்தான்.

அவனுக்குத் தொழில் செருப்புக்கடையில் விற்பனை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, உலோக அளவுத் தட்டை எதிரில் வைத்து, ஊர்க் கால்களை எல்லாம் மடியில் வாங்கிப் பார்த்தவன். ஆளின் முகம் மறந்துபோகும்; கால் மறக்காது. கடையில் அவனுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். மாடி வீட்டில் குடியிருக்கும் வேன் டிரைவர்கூட “என்ன அளவுகோல் சார், என் கால் வளர்ந்திருக்கா பாருங்க” என்று படியில் நின்று காலைத் தூக்கிக் காட்டுவான். மனைவி அதற்குச் சிரிப்பாள். அவன் சிரிக்க மாட்டான்.

மனைவி மருந்துக்கடையில் வேலை செய்தாள். கவுன்டருக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் மாத்திரையும் புன்னகையும் எடுத்துக் கொடுப்பது அவனுக்குப் பொறுக்காது. போன மாதம் அவன் இடது கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டியது. கரும்புள்ளிகள் மிதந்தன. மறுநாள் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறியது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அவன் ஓடவில்லை. அந்த நாலு நாளும், மருந்துக்கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத் தூணுக்குப் பின்னால் நின்று, அவள் யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது நாள் அவள் முகத்தையே திரை விழுங்கிவிட்டது.

கண் டாக்டரம்மா அவன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“விழித்திரை பிரிஞ்சிருக்கு. நடுப்பாகமும் சேர்ந்து வந்துடுச்சு. நாலு நாள் என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?”

கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று அவன் சொன்னான். பக்கத்தில் நின்ற மனைவி தரையைப் பார்த்தாள்.

கண்ணின் வெள்ளையில் மூன்று ஊசித் துளை போட்டு, உள்ளே இருந்த கூழை உறிஞ்சி எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சூடு வைத்து, காலியான இடத்தில் வாயுவை நிரப்பினார்கள். மணிக்கட்டில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பட்டை மாட்டினார்கள். வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, மயக்க மருந்து கொடுப்பவர்களிடம் காட்ட வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. பிறகு டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். சுவரில் ஒட்டிய காகிதம் பிரிந்து வந்தால், பசை காயும்வரை கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குள் அந்தக் கை, வாயுக் குமிழிதான். குமிழி எப்போதும் மேலேதான் போகும். அவன் குப்புறப் படுத்தால்தான் அது பின்சுவரைப் போய் அழுத்தும். பத்து நாள். மணிக்கு ஐம்பது நிமிஷம் குப்புற. மீதிப் பத்து நிமிஷம் எழுந்து நடக்கலாம், அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும்.

“பார்வை எவ்வளவு வரும்?” என்று கேட்டான்.

எழுத்து அட்டையில் பாதி வரிகள் வரை படிக்கலாம், நேர்க்கோடு கொஞ்சம் வளைந்து தெரியலாம் என்றார். “அதுவும் நீங்க ஒழுங்கா படுத்தா. திரும்பப் பிரிஞ்சா எண்ணெய் வச்சு இன்னொரு ஆபரேஷன். அதுக்கப்புறம் வெளிச்சம், இருட்டு தெரிஞ்சாலே பெரிசு.”

அவன் ஒழுங்காகத்தான் படுத்தான். ஒரே ஒரு முறை தவிர.

இரண்டாம் நாள் மத்தியானம் சங்கிலி கலகலத்தது. மாடி வீட்டுக்காரன். நோயாளியை விசாரிக்க வந்தவன் நோயாளியின் அறைக்கு வராமல் வாசலிலேயே பேசிக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொல்ல, வந்தவன் ஏதோ சொல்ல, பேச்சு நீண்டது. கட்டிலில் கிடந்தவன் எழுந்தான். தலையை நிமிர்த்தி, அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றான். அரை மணி நேரம். வேன் டயரைப் பற்றியும், தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் பேச்சு.  டயருக்கும் மோட்டாருக்கும் இத்தனை நேரமா?

அப்போதுதான் கண்ணுக்குள் குமிழி நழுவியது. கொத்தனாரின் மட்டப் பலகையில் குமிழி ஓடுமே, அப்படி. அதன் பின்னாலேயே, மிக மெல்லிய ஒரு சத்தம். பசை காயாத காகிதம் சுவரை விட்டு வருகிற சத்தம். வலி இல்லை. கண்ணுக்குள் கேட்டதா, முதுகுக்குப் பின்னால் கேட்டதா என்றுதான் அவனால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து படுத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள்தான் அந்த டம்ளர் விழுந்தது.

நாலாம் நாள் அவன் அந்தக் கால்களைப் பார்த்தான்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது. காலையில் விட்ட சொட்டு மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது. தலையணையின் ரப்பர் வாடையும், தன் மூச்சே திரும்பி முகத்தில் அடிக்கும் வெதுவெதுப்பும், குளியலறைக் குழாய் விட்டு விட்டுச் சொட்டுகிற ஓசையுமாக நேரம் நகராமல் கிடந்தது. இடது கண்ணில் எல்லாம் கலங்கிய நீர்தான். டாக்டரம்மா சொல்லியிருந்தார்: வாயு இருக்கும்வரை அந்தக் கண்ணுக்கு எட்ட இருப்பது தெரியாது, இரண்டு விரல்கடை தூரத்தில் வைத்தால் மட்டும் துல்லியமாகத் தெரியும் என்று. ஆகவே வலது கண்தான் நான்கு டைல்ஸையும் காவல் காத்தது.

நாலாவது டைல்ஸின் விளிம்பில் இரண்டு பாதங்கள் நின்றன.

ஆணின் பாதங்கள். வெறுங்கால். விரல்கள் அவனை நோக்கியிருந்தன.

அவன் மூச்சுவிடவில்லை. கண் பழக்கத்தில் அளந்தது. வலது எட்டு. இடது எட்டரை. மேல்வளைவு உயரம். வெயில் படாத, காலுறைக்குள்ளேயே வளர்ந்த வெளுப்பு. மாடி வீட்டுக்காரன் இல்லை. அவனுக்குப் பத்தாம் நம்பர், தட்டைக் கால், பாளம் பாளமாக வெடித்த குதிகால். மருந்துக்கடை முதலாளியா? அவர் ஏழு. இருபத்திரண்டு வருஷத்துக் கால்களையும் வரிசையாகப் புரட்டினான். ஒன்றும் பொருந்தவில்லை. இந்தக் காலை அவன் அளந்ததே இல்லை.

கத்தியிருக்கலாம். சந்தேகக்காரன் கத்த மாட்டான். கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருப்பான்.

பாதங்கள் திரும்பின. சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் போயின.

சிறிது நேரத்தில் நாற்காலி இழுபடும் ஓசை. கரண்டி. இரண்டு டம்ளர்கள் அடுத்தடுத்து மேடையில் வைக்கப்படும் ஓசை. மனைவியின் குரல் தணிந்து, நிறுத்தி நிறுத்தி, நெடுநேரம் ஏதோ சொன்னது. அவளுக்கு இவ்வளவு பேச வருமா? நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். அழுதிருக்கிறாள். யாரிடமோ மனம்விட்டு அழுதிருக்கிறாள். எதிரில் இருந்தவன் பதில் பேசவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தான். அதுதான் படுத்திருந்தவனை அறுத்தது. அவள் பேசினால் அவன் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை.

அவளைக் கூப்பிட்டு டீ கேட்டான்.

ஐந்தாம் நம்பர் பாதங்கள் வந்தன. “இப்பத்தானே குடிச்சீங்க?”

“நானா?”

“சரி சரி, இன்னொரு டம்ளர் தரேன். படுத்தே கிடந்தா அப்படித்தான் இருக்கும்.” போகிறவள் நின்றாள். “ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க ஆளே மாறிட்டீங்க, தெரியுமா? இப்படியே இருங்க.”

குத்திக்காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டான். அவள் பாடிக்கொண்டே போனாள். எழுந்து நடக்க அனுமதித்த பத்துப் பத்து நிமிஷங்களை அவன் அறையோடு ஒட்டிய குளியலறையிலேயே கழித்தான். சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீம்பு.

ஐந்தாம் நாள் பரிசோதனை. டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார்.

“எழுந்து நிமிர்ந்து நின்னீங்களா?”

இல்லை என்றான்.

“கீழ் ஓரம் ஒட்டலை. ஏதோ பிரிஞ்சு விலகி நிக்குது.” குரலில் வழக்கமான கேலி இல்லை. “இனிமே தலையைத் தூக்கினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பிரிஞ்சதைப் பிடிச்சு வைக்கறது மருந்து இல்லை சார். நீங்க படுத்திருக்கறதுதான்.”

திரும்பும் வழியெல்லாம் வேனின் பின் இருக்கையில் மனைவி மடியில் முகம் புதைத்துக் கிடந்தான். அவள் கை பிடரியிலேயே இருந்தது. முன்னால் மாடி வீட்டுக்காரன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மேல் இப்போது கோபமே வரவில்லை. கோபம் முழுவதும் அந்த எட்டு, எட்டரைக்குச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஏழாம் நாள் அவள் விடுப்பு முடிந்து அரைநாள் வேலைக்குப் போனாள். மூன்று மணிக்கு வந்துவிடுவேன் என்றாள். கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். சங்கிலி கலகலத்து ஓய்ந்தது.

அவன் குனிந்தபடியே எழுந்தான். அலமாரியிலிருந்து அவள் முகப்பவுடர் டப்பாவை எடுத்து, நான்கு டைல்ஸ் மேலும் சன்னமாகத் தூவினான். பவுடர் வாசம் எழுந்தது. அவள் கழுத்தின் வாசம். கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய அளவுத் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். வரட்டும். வந்து நிற்கட்டும். அளந்து எழுதி, அவள் முகத்துக்கு நேரே நீட்டுவான்.

படுத்தான். மின்விசிறி. குழாய். கசப்பு. எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை.

விழித்தபோது பவுடரில் இரண்டு தடங்கள் இருந்தன.

பக்கத்துப் பக்கத்தில், அவன் முகத்துக்கு நேர் கீழே. வந்த தடம் இல்லை. போன தடம் இல்லை.

பூட்டிய வீட்டுக்குள் எப்படி வந்தான் என்ற கேள்விக்கு முன்னால் அளக்கத்தான் அவன் கை போனது. கட்டிலிலிருந்து இறங்கி, முழங்காலிட்டு, தட்டைத் தடத்தின் மேல் பிடித்தான். வலது எட்டு. இடது எட்டரை. தப்பவில்லை. பக்கத்திலிருந்த பழைய மருந்துச் சீட்டில் எழுதினான். 

மணி இரண்டே முக்கால். அவள் வருமுன் பவுடரைத் துடைக்க வேண்டும். குனிந்தபடியே எழுந்து, காலாலேயே தேய்த்துவிடலாம் என்று இடது பாதத்தைத் தடத்தின் மேல் வைத்தான்.

நின்றுவிட்டான்.

விளிம்பில் ஒரு நூல் மிச்சமில்லை. பெருவிரலுக்குப் பெருவிரல். குதிகாலுக்குக் குதிகால். பெட்டிக்குள் செருப்பு உட்கார்வதுபோல் பாதம் தடத்துக்குள் உட்கார்ந்தது.

வலதையும் வைத்தான்.

கடையில் வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ கொடுப்பார்கள். கொடுத்ததை மாட்டிக்கொள்வான். கடிக்கிற இடத்தில் பஞ்சு வைப்பான். முக்காலிக்கு எதிரே இருந்த வாடிக்கையாளர் நாற்காலியில் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவன் உட்கார்ந்ததில்லை. எதிரில் நின்று பார்த்தால் தன் கால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

சமையலறையில் நாற்காலி இழுபட்டது.

கட்டிலுக்கு எப்படி வந்தான் என்று நினைவில்லை. முகம் தலையணையில் புதைந்திருந்தது. வேறு என்ன செய்வது? ஓடலாம். ஓட வேண்டுமானால் நிமிர வேண்டும். நிமிர்ந்தால் கண் போய்விடும். இந்த நிலையிலும் அந்தக் கணக்குத்தான் ஓடியது. இன்னும் மூன்று நாள். மூன்றே நாள்.

காலடி. வெறுங்கால். மெத்து, மெத்து.

பவுடரின் மேல் பாதங்கள் வந்து நின்றன. பழைய தடத்திலேயே. சரியாக.

பிறகு ஒரு முழங்கால் தரையைத் தொட்டது. இன்னொரு முழங்கால். ஒரு உள்ளங்கை. அந்த மணிக்கட்டில் பச்சைப் பட்டை. மெதுவாக, முதுகு வலிக்கிறவர்கள் படுப்பதுபோல மெதுவாக, அது தரையில் மல்லாந்து படுத்து, தலையைத் தலையணைக்குக் கீழே நகர்த்தியது.

வலது கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இடது கண் பாதுகாப்பாகத்தான் இருந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. கலங்கிய நீர். கலங்கிய நீருக்குள் ஒரு வெளுப்பு. வெளுப்பு மேலே வந்தது. இன்னும் மேலே. ரப்பர் வாடையை மீறி இன்னொரு மூச்சு முகத்தில் பட்டது. அதிலும் சொட்டு மருந்தின் கசப்பு.

நான்கு விரல்கடை.

மூன்று.

இரண்டு.

தெளிந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கண் பார்த்த முதல் துல்லியமான காட்சி அதுதான். ஒவ்வொரு இமைமயிரும் தெரிந்தது. நேர்க்கோடுகள் எதுவும் வளையவில்லை. தினமும் காலையில் கண்ணாடியில் சவரம் செய்த முகம். ஆனால் இரண்டு கண்ணும் வெள்ளை வெளேரென்று, ஒரு சிவப்புக் கீற்றுகூட இல்லாமல். அந்த முகம் பொறாமையே படாத முகம். சிரித்தது. அவள் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு.

வாசலில் சங்கிலி கலகலத்தது.

முகம் விலகியது. முழங்கால், உள்ளங்கை, பாதம். கட்டிலின் ஓரமாக நடந்து அவன் தலைப்பக்கம் வந்தது.

கத்த வாயைத் திறந்தான். தலையைத் தூக்கினான். கண் போனால் போகட்டும்.

பிடரியில் ஒரு கை இறங்கியது. மென்மையாக. அசைக்க முடியாதபடி. பிளாஸ்டிக் பட்டையின் குளிர்ந்த விளிம்பு கழுத்தில் பதிந்தது. வாய் தலையணையின் ரப்பருக்குள் அமுங்கியது. கீழே தொங்கிய தன் கையை அவன் வலது கண் தேடிக் கண்டுபிடித்தது.

மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பட்டை இருந்த தடம்கூட இல்லை.

திரைச்சீலை விலகும் ஓசை. பை ஒன்று தரையில் விழுந்தது. மாத்திரைப் பட்டைகள் சிதறின.

 பிறகு பவுடரின் மேல் ஐந்தாம் நம்பர் பாதங்கள் வந்தன. விலகித் தயங்கி, சட்டென்று நகர்ந்து, அந்த எட்டு, எட்டரைக்குப் பின்னால் ஒண்டி நின்றன. சுண்டு விரலின் காய்ப்பு அந்தக் குதிகாலை உரசியது. இத்தனை வருஷத்தில் அவள் தன்னிடம் இப்படி வந்து ஒண்டியதில்லை என்பதை, மூச்சு முட்டுகிற அந்த நேரத்திலும், அவன் கவனித்தான்.

அவள் மெல்லக் கேட்டாள்.

“ஏங்க... உங்க கட்டில்ல குப்புறப் படுத்திருக்கறது யாருங்க?”